ஒரு கடலை கூட இல்லாத சலாது

எனக்குத் தமிழ் தெரியும் என்று முப்பத்துநான்கு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு பகல் சாப்பாட்டு நேரத்தில், ஒரு பீங்கான் தட்டுச் சலாதுக்குள் விழுந்து மௌத்தாகிப் போனது. சலாதைச் சாப்பிட்டவர் மௌத்தாகவில்லை, உயிரோடுதான் இருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதற்கு நான் எந்த விதத்திலும் காரணமில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் தில்லையடி. அங்கிருந்து கல்பிட்டிப் பக்கம் போனால் காற்றுக்காலத்தில் வெளிநாட்டுச் சனம் வந்து இறங்கும். இடுப்பில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு, காலுக்குக் கீழே பலகையை வைத்துக்கொண்டு, கடலோரக் களப்புத் தண்ணீரின் மேல் இழுபட்டுப் போவதற்காக விமானம் ஏறி வருகிறவர்கள். (எங்கள் பிள்ளைகள் இதைச் செய்தால் தும்புத்தடி எடுப்போம்.) அவர்கள் தங்குகிற சின்ன விடுதி ஒன்றில் எனக்குச் சமையல் வேலை கிடைத்தது. முதலாளி சிலாபத்துக்காரி, ஷிரோமி மேடம். பாதி சிங்களமும் பாதி தமிழுமாகப் பேசுவார், ஆனால் கோபத்தை முழுச் சிங்களத்தில்தான் காட்டுவார்.

வேலைக்குப் போவதற்கு வீட்டில் நடந்த சண்டையைத் தனிப் புத்தகமாக எழுதலாம். மாமி, அதாவது என் கணவரின் உம்மா, மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசியபோது, பேசாமல் இருந்ததே நல்லது என்று தோன்றியது.

"வீட்டுப் பொம்புளக்கி ஹோட்டல்ல என்ன வேல? இஞ்ச அடுப்பு இல்லையா?"

என் கணவர் நல்ல மனிதர். யாருக்கும் 'இல்லை' என்று சொல்ல மாட்டார், 'ஓம்' என்றும் சொல்ல மாட்டார். "இந்த சீசன் மட்டும் பாப்பம்" என்றார். ஷிரோமி மேடமும் அதையேதான் சொல்லியிருந்தார். இந்த சீசன் பார்ப்போம், சரிவந்தால் நிரந்தரம். ஆக, வீட்டிலும் தவணை, வேலையிலும் தவணை.

அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று வெட்கமில்லாமல் சொல்கிறேன். கல்யாணம் முடித்துப் பதினொரு வருஷம் மாமியின் குசினியில் சமைக்கிறேன். உப்புப் போத்தல் எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை எனக்கு அங்கே ஒரு நாளும் கிடைத்ததில்லை. விடுதிக் குசினியில் உப்பு நான் வைத்த இடத்தில் இருந்தது. காலையில் போய்க் கதவைத் திறந்தால், நேற்று வைத்த இடத்திலேயே இருக்கும். இதற்காக ஒரு பெண் அழுவாளா என்று கேட்காதீர்கள். முதல் வாரம் அழுதேன்.

அங்கேதான் இந்தச் சலாது வந்தது. மேடம் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டி, "இது சம்மர் சலட், வெள்ளக்காரருக்கு உயிர்" என்றார். எங்கள் ஊரில் சம்மர் என்று தனியாக ஒன்று கிடையாது. வெயில் இருக்கும், அல்லது வெயிலோடு காற்றும் இருக்கும். படத்தை உற்றுப் பார்த்தேன். கடலை! பஸ்ஸில் பேப்பர்ச் சுருளில் விற்கிற அதே கடலை. அதை ஊறவைத்து, குழையாமல் அவித்து, ஆறவிட்டு, கெக்கரிக்காயும் தக்காளியும் சின்ன வெங்காயமும் பொடியாக வெட்டிப்போட்டு, புதினா கிள்ளிப்போட்டு, தேசிக்காயைப் பிழிந்து புளி விட்டு, மிளகு தூவி, மேலே கொஞ்சம் ஒலிவ் எண்ணெய். கடலை அவிந்த பிறகு அடுப்புக்கு வேலையே இல்லாத ஒரு சாப்பாடு.

ஒரு நாள் பெருமைக்கு வீட்டுக்கும் கொண்டுபோனேன். மாமி ஒரு கரண்டி வாயில் வைத்து, பாவமாக என்னைப் பார்த்தார்.

"தாளிக்க மறந்துட்டியா புள்ள?"

ஆனால் விடுதியில் அது பேர் எடுத்தது. ஒரு ஜெர்மன்காரப் பெண், பீற்றா என்று பெயர், மூன்று வாரமாகப் பகலில் வேறு எதுவும் தொடவில்லை. அவளுக்கும் எனக்கும் ஒரு சொல்கூடப் பொதுவில் இல்லை. விரலால் காட்டுவாள், நான் தலையாட்டுவேன். தொண்டையைத் தொட்டு விசிறினால் உறைப்பு வேண்டாம் என்று அர்த்தம். ஒரு நாளாவது பிழை நேர்ந்ததில்லை. மேடம் என் தோளில் தட்டி, "சீசன் முடிய நீங்கதான் நிரந்தரக் கோக்கி" என்றார். கோக்கி என்றால் சமையல்காரி. எனக்கு அது டொக்டர் பட்டம்போலக் கேட்டது.

அப்போதுதான் அருண் வந்தார். மதுரைப் பக்கத்து ஆள், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, பட்டம் பிடிக்க ஒரு வார லீவு. வாசலில் நின்று, "அக்கா, வணக்கம்! இங்க தமிழா?" என்று கேட்டாரே, எனக்கு உள்ளுக்குள் றபான் மேளம் அடித்தது. இத்தனை நாள் கையையும் கண்ணையும் வைத்துக் கதைத்துக் களைத்துப்போன எனக்கு, வாயைத் திறந்து கதைக்க ஒரு விருந்தாளி! என் வாயைப் பற்றி எனக்கு எப்போதுமே ஒரு மண்டைக்கனம் உண்டு.

அவர் பகல் சாப்பாட்டுக்கு வந்தது இரண்டாம் நாள். பீற்றாவின் பீங்கானைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"அது என்னக்கா, சாலட்டா? அதுல கடலை கிடலை ஏதும் இருக்கா?"

"ஓம் தம்பி. கடலைச் சலாதுதானே."

அவர் முகம் மாறியது. "ஐயையோ. எனக்கு கடலை ஆகவே ஆகாதுக்கா. ஒண்ணு உள்ள போனாலும் தொண்டை அடைச்சுக்கும். பையில ஊசி வச்சுக்கிட்டே சுத்துறேன். கடலை இல்லாம செஞ்சு தருவீங்களா?"

"அதுக்கென்ன தம்பி, ஒரு கடலையும் இல்லாம தாறன். நீங்க இரிங்க."

இந்த இடத்தில் தமிழ்நாட்டு வாசகர்கள் தலையில் கை வைத்திருப்பார்கள். எங்கள் ஊர் வாசகர்கள், இதில் என்ன பிழை என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். எங்களுக்குக் கடலை என்றால் அந்த உருண்டைக் கடலை, அவித்துத் தாளிப்பது. மண்ணுக்குள் விளைகிற, கோதுடைத்துத் தின்கிற மற்றதுக்குப் பெயர் கச்சான். கடலை வேறு, கச்சான் வேறு. இது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும் என்று நினைத்தேன். மதுரைத் தொட்டில்களில் அந்தக் கச்சானையே கடலை என்று சொல்லும் வேறு பாடம் நடக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

குசினிக்குள் போய், கையைக் கழுவி, பலகையைக் கழுவி, புதுப் பாத்திரம் எடுத்தேன். கடலை தொட்ட கரண்டியைக்கூடத் தொடவில்லை. அவ்வளவு கவனம். ஆனால் கடலை இல்லாத சலாது என்றால் வெறும் கெக்கரிக்காய்த் தண்ணீர். பல்லுக்கு ஏதாவது வேண்டுமே. அலுமாரித் தட்டில் வறுத்த கச்சான் ஒரு போத்தல் இருந்தது. இரண்டு பிடி எடுத்து, ஒன்றிரண்டாக இடித்து, புளியோடும் எண்ணெயோடும் குழைத்து, எல்லாவற்றிலும் ஒட்டுகிற மாதிரிப் பிரட்டினேன். வாசம் தூக்கியது. நிரந்தரக் கோக்கி என்றால் சும்மாவா?

கொண்டுபோய் வைத்து, நாணயமாகச் சொல்லவும் செய்தேன். அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. நான் மறைக்கவில்லை. சொன்னேன்.

"தம்பி, கடலை ஒண்டும் இல்ல. பதிலுக்கு நல்லாக் கச்சான் போட்டீக்கிறன்."

அவர் சிரித்தார். "கச்சானா? காலையில இருந்து அதைத்தானேக்கா தின்னுக்கிட்டு இருக்கேன்!"

எனக்கு நிம்மதி. காலையிலிருந்து கச்சான் தின்கிறவருக்கு இன்னும் இரண்டு பிடி என்ன செய்யப்போகிறது?

இதில் ஒரு சங்கதி. எங்கள் கரையில் அந்த மாதங்களில் அடிக்கிற காற்றுக்கும் பெயர் கச்சான்தான். படகுக்காரர்கள் அதைத்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: "தம்பி, கச்சான் நல்லா அடிக்குது, இறங்குங்க." பாவம், காலையிலிருந்து களப்பில் வாயைத் திறந்துகொண்டு காற்றைத் தின்றதை அவர் சொன்னார். சலாதுக்குக் காற்று போட்டிருக்கிறேன் என்று இந்த அக்கா கவிதையாகக் கதைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, கரண்டியை எடுத்தார்.

மூன்று கரண்டி. நாலாவது போகவில்லை. உதடு தடித்தது, கழுத்தைச் சொறிந்தார், பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கடலை..." என்றார்.

"இல்ல தம்பி! அல்லாஹ்மேல ஆணை, ஒரு கடலையும் இல்ல!"

"கடலை... கடலை..."

"நானே கையால செஞ்ச! எல்லாம் கச்சான்!"

ஒருவர் மூச்சுக்குத் தவிக்கும்போது, அவரோடு நின்று வாக்குவாதம் செய்த ஒரே சமையல்காரி நானாகத்தான் இருப்பேன். எனக்கு அப்போது அவருடைய உயிர் பெரிதாகத் தெரியவில்லை. என் பெயர்தான் பெரிதாகத் தெரிந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

பீற்றா எழுந்தாள். அவர் கை பையைக் காட்டியதைப் பார்த்தாள், பையைக் கவிழ்த்தாள், ஊசியை எடுத்தாள், காற்சட்டைக்கு மேலாலேயே தொடையில் குத்தினாள். ஒரு சொல் தமிழ் தெரியாத பெண் அவரை விளங்கிக்கொண்டாள்.

விடுதியின் வான் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் நான் மீதிச் சலாதை மடியில் வைத்திருந்தேன், சாட்சிக்கு. டொக்டர் சிங்களப் பெண், தமிழ் கொஞ்சம்தான். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். "கடலை" என்று கட்டிலிலிருந்து அருண் கரகரத்தார். "கச்சான்" என்று நான் கத்தினேன். டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாத்திரத்தைத் திறந்து, ஒரு துண்டை விரலால் எடுத்துக் காட்டினார்.

"ரட்டகஜு?"

"ஓம், ரட்டகஜு!" என்றேன். சிங்களத்தில் கச்சானுக்கு அதுதான் பெயர். டொக்டர் அருணிடம் திரும்பி, "பீனட்" என்றார். அருண் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். ஒரே தாய்மொழிக்காரர் இரண்டு பேர், சிங்களத்தில் ஏறி இங்கிலீஷில் இறங்கித்தான் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தோம்.

அடுத்த நாள் அவர் எழும்பி உட்கார்ந்து, "பரவாயில்லக்கா, உங்க மேல தப்பில்ல" என்றார். நல்ல பிள்ளை. ஷிரோமி மேடமும் அதைத்தான் சொன்னார். "உங்கட பிழை இல்ல. ஆனா பயம்." அதைத் தமிழில் சொன்னார். முழுச் சிங்களத்தில் ஏசியிருந்தால் வேலை மிஞ்சியிருக்கும் என்று நான் இன்றும் நம்புகிறேன். உப்புப் போத்தலை அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். இப்போது வேறொருவர் அதை எங்கே வைக்கிறாரோ தெரியாது.

வீட்டில் முதல் இரண்டு நாள் அனுதாபம் இருந்தது. மூன்றாம் நாள் என் கணவர் பகிடி ஒன்றைக் கண்டுபிடித்தார், இன்னும் அதை விடவில்லை. மழை வரும்போலிருக்கு என்று நான் சொன்னால், "நல்லாப் பாருங்க, கடலையா கச்சானா?" பிள்ளையின் காய்ச்சல் விட்டுவிட்டது என்றால், "கடலையா கச்சானா?" கல்யாண வீடுகளில் முன்பின் தெரியாத பெண்கள் என்னைக் காட்டி, "இவதானே அந்தக் கச்சான்?" என்று கேட்கிறார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக நான்தான் சிரிக்கிறேன்.

மாமிக்கு இப்போது சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. தாளிதம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், அவித்த கடலையும் மரக்கறியும் நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆகவே தினமும் பகலில் சம்மர் சலாது. என் சலாதுக்கு இன்று உலகத்தில் இருக்கிற ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

போன மாதம் களப்போரத்தில் இன்னொரு விடுதியில் கோக்கி தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில், மிகவும் சாதாரணமான குரலில் கேட்டேன். "நான் ஒருக்காப் போய்க் கேட்டுப் பாக்கட்டா?"

என் கணவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, மாமி சலாதுக் கரண்டியை உயர்த்தினார்.

"கடலையாவா, கச்சானாவா?"

பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். 'இல்லை' என்று என் வீட்டில் யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. சிரித்து முடித்து எழும்பிப் போய், நாளைக்குரிய கடலையை ஊறப்போட்டேன். உப்புப் போத்தலைத் தேடினேன். மாமி வைத்த இடத்தில் இருந்தது.