மூன்று வீட்டு விருந்தாளி

கையில் சுற்றியிருந்த ரத்த அழுத்தப் பட்டையை உருவிவிட்டு, நர்ஸ் குல்பாஷ், டிராக்டர் ஓட்டும் மெய்ரமின் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்தாள்.

“நூத்தி எழுபது. கையெழுத்துப் போட மாட்டேன்.”

“அக்கா, அடுத்த திங்கள் விதைப்பு. உடம்பு சரியா இருக்குன்னு நீங்க காகிதம் குடுக்கலேன்னா டிராக்டர் சாவி என் மச்சான் கைக்குப் போயிரும்.”

“வெள்ளிக்கிழமை வா. அதுவரைக்கும் கறி, கொழுப்பு, உப்பு எதுவும் கூடாது.”

இருபத்திரண்டு வருடமாக அந்த டிராக்டர் இருக்கை அவன் முதுகுக்கு மட்டுமே பழகியது. மச்சானோ போன வருடம் ஒரே ஒரு நாள் ஓட்டி, அதை வாய்க்காலில் இறக்கியவன்.

வீட்டுக்கு வந்து, வெறும் உருளைக்கிழங்கு போதும் என்றான் மெய்ரம். அவன் மனைவி ரௌஷன் ஆட்டு மந்தை வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். கறி இல்லாத தட்டை அவள் அப்பா வீட்டு நாய்கூட மோந்து பார்த்ததில்லை. கசாக் ஆம்பளைக்குக் கிழங்கு வைத்தால் ஊர் தன்னைத்தான் கரித்துக் கொட்டும் என்று அழுதாள். அழுதபடியே ஒரு தொடையைப் பானையில் போட்டாள். வாசனை வந்தது. அவனும் மனுஷன்தானே.

செவ்வாய்க்கிழமை அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முற்றத்தில் நடந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் கொரியன் கெனா ஒகாய், விறகுக்குச்சி மாதிரி நின்று வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் சோற்றில் உப்பே கிடையாது. இனம் மாறிச் சாப்பிட்டால் அழுத்தமும் மாறாதா? மதியம் சாப்பிட வருகிறேன் என்று வேலி வழியாகவே சொன்னான்.

போனால், மேசை நடுவில் குதிரைக்கறி ஆவி பறந்தது.

“எங்கடா உங்க சோறு?”

“கசாக்காரன் முன்னாடி வெறுஞ்சோத்த வெச்சா நான் மனுஷனா?” என்று ஒகாய் நாற்காலியை இழுத்துப் போட்டான். விருந்தாளி தனியாகச் சாப்பிடக் கூடாது என்று தானும் தட்டு நிறைய எடுத்துக்கொண்டான். அவன் மனைவி மட்டும் ஏனோ கண்ணை உருட்டினாள். விருந்து வைத்த வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார மெய்ரமின் அப்பா சொல்லித் தரவில்லை. தின்றான்.

புதன்கிழமை உஷாராக இருந்தான். உய்குர் இனத்துத் தூர்சுன் வீட்டில் கையால் இழுத்த நூடுல்ஸ், மேலே காய்கறி, அவ்வளவுதான். முன்கூட்டியே போய், எனக்காக விசேஷமாக எதுவும் செய்யாதே என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வந்தான். மூன்று தடவை சொன்னதில் தூர்சுனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நம்மை அவ்வளவு இல்லாதவன் என்றா நினைத்தான்? நூடுல்ஸ் தெரியாத அளவுக்கு ஆட்டு வால் கொழுப்பை மேலே குவித்துவிட்டான். அவனும் கூடவே உட்கார்ந்து, மீசை பளபளக்கச் சாப்பிட்டான்.

மெய்ரமுக்குக் காதில் வண்டு ரீங்காரம். இன்னும் ஒரே நாள்.

வியாழக்கிழமை சொல்லாமல் போனான், அதுவும் ருஷ்யன் ஸ்தெபான் வீட்டுக்கு. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு. முட்டைகூட வீட்டுக்குள் வராது. சரியாகச் சாப்பாட்டு நேரம் பார்த்து நுழைந்தான். மேசையில் முட்டைக்கோஸ் ஊறுகாயும் கிழங்கும். மெய்ரமுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஸ்தெபானுக்கும் வந்தது. “கடவுளே அனுப்பி வெச்ச ஆளுய்யா நீ,” என்று கட்டிக்கொண்டான். மனைவி நோன்பு நோன்பு என்று பின்னாலேயே ஓட, அவன் கத்தியோடு வாத்துக் கொட்டிலுக்குப் போய்விட்டான்.

“நான் கிழங்கே சாப்பிடுறேனே, ஸ்தெபான்.”

“பேசாம உக்காரு. விருந்தாளிக்குக் கிழங்கு வெச்சாத்தான் பாவம்.”

வெள்ளிக்கிழமை மருத்துவ நிலையத்து பெஞ்சில் ஒகாய், தூர்சுன், ஸ்தெபான் மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தனக்காகத்தான் கவலைப்பட்டு வந்திருக்கிறார்கள் என்று மெய்ரமுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. ஆனால் ஒருவனும் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

உள்ளே பட்டை இறுகியது, தளர்ந்தது.

“நூத்தித் தொண்ணூறு,” என்று குல்பாஷ் அவன் காகிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுச் சாத்தினாள். “சாவியக் கொண்டுபோய் மச்சான்கிட்ட குடு. உன்னச் சொல்லி என்ன, வெளிய இருக்கிற மூணு பேருக்கும் இதே கதைதான். கறியே ஆகாது, வீட்டுக்கு விருந்தாளி வந்தா மட்டும் கூட உக்காந்து ரெண்டு துண்டு தின்னுக்கோங்கன்னு பனிக்காலத்துலயே எழுதிக் குடுத்தேன், அழுத்தம் நல்லா இறங்கியிருந்துச்சு. இந்த ஒரு வாரத்துல மூணு வீட்டுலயும் விருந்தாளியாப் போய் உக்காந்த பாவி எவன்னு உனக்குத் தெரியுமாய்யா?”