பின்னாலிருந்து உதைத்தது யார்?

மனிதர்களில் 'திரும்பிப் பார்ப்பவர்' என்றோர் இனம் உண்டு. கால் இடறினால் தரையைப் பார்க்க மாட்டார். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார்.

எனக்குத் தெரிந்தவர் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துக்கு யார் பொறுப்பு என்று தீர்மானிக்கும் அதிகாரி. வயது நாற்பத்தாறு. நாற்காலியை விட்டு அவர் எழுவது லிஃப்டுக்குப் போக மட்டும். அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிறு காலை, மனைவி பார்க்க, பிள்ளைகள் பார்க்க, புது ஷூவை மாட்டிக்கொண்டு, கைகாலை ஒரு நிமிடம்கூட உதறிக்கொள்ளாமல், கல்லூரியோடு விட்ட பேட்மிண்டனை விட்ட இடத்திலிருந்தே தொடங்கப் பாய்ந்தார். 'டப்' என்று ஒரு சத்தம். விழுந்தார். விழுந்தபடியே திரும்பினார்.

"ஏன்டா உதைச்சே?"

பின்னால் நின்றது அவரோடு ஜோடி சேர்ந்து ஆடிய மைத்துனன். நாலடி தள்ளி நின்றவன். "நான் தொடவே இல்ல அத்தான்!" யார் காதில் விழுந்தது? சொந்த அக்காவே முறைத்தாள். அவனேதான் அவரைத் தோளில் தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

"குதிகால் தசைநாண் அறுந்திருக்கு. அறுந்தா யாரோ உதைச்ச மாதிரிதான் இருக்கும்," என்றார் டாக்டர். கெண்டைக்கால் சதையைக் குதிகாலோடு கட்டிவைத்திருக்கும் கயிறு அது. நடுவில் ரத்த ஓட்டம் குறைவு. வயது ஏற ஏற, வலிகூடத் தெரியாமல் இழைகள் நைந்துபோகலாம். சில மாத்திரைகளும் காரணமாகலாம்.

நம்மவருக்குக் கொண்டாட்டம்! கட்டுப் போட்ட காலைச் சோபாவில் நீட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தார். ரத்த ஓட்டக் குறைவா, அது இயற்கையின் குற்றம். இழை நைந்ததா, அது அப்பா வழி உடம்பு. மாத்திரையா, அது சளிக்கு மருந்து எழுதிய டாக்டரின் தலையில். நாற்காலிக்கு மட்டும் விடுதலை.

தினமும் வந்து அவரை மாடிப்படியில் ஏற்றி இறக்கிய மைத்துனன் ஒருநாள் கேட்டான்.

"அப்போ நான் உதைக்கலதானே அத்தான்? அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவ இன்னும் என்கூடப் பேசல."

"உதைக்கலப்பா, ஒத்துக்கறேன். ஆனா பின்னாடி நிக்கறியே, நீ முந்திக்குவியேன்னுதானே நான் அப்படிப் பாய்ஞ்சேன்?"

அவன் ஊன்றுகோலை அவர் கைக்கு எட்டும் இடத்தில் சாய்த்துவிட்டுப் போனான். மறுநாள் வரவில்லை.

"பார்த்தியா உன் தம்பியை? குட்டு வெளிப்பட்டதும் ஆளையே காணோம்!" என்றார் மனைவியிடம், படியிறங்க வழியில்லாமல்.

படிக்கும்போதே, 'அட, இது அவரேதான்!' என்று உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்குமே? உங்கள் மேலதிகாரியோ, சித்தப்பாவோ?

திரும்பிப் பார்த்துவிட்டீர்களே! எதற்கும் குதிகாலைக் கொஞ்சம் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.