சென்டரா, ஃபார்வர்டா

மனிதகுலம் இதுவரை கூட்டிய சபைகளில், 1988இல் ஓசூரில் எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு நாற்பத்தொரு நாள் நடந்த சபைக்கு ஈடு கிடையாது. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. அதன் செயலாளர் நான் என்பதால் எனக்குத் தெரியும்.

ஷிப்ட் நேரம் பற்றித் தகராறு. நிர்வாகம் கதவடைப்பு அறிவித்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வெளியே நின்றோம். வேறு ஊர்க்காரர்கள் இப்படிப்பட்ட நேரத்தைக் கோஷம் போட்டு வீணாக்குவார்கள். நாங்கள் கூடைப்பந்து ரசிகர்கள்.

அப்போது ஓசூரில் நான்கு கம்பெனிகளுக்கு அணி இருந்தது. நல்ல ஆளுக்காக அடித்துக்கொள்ளக் கூடாது என்று, ஆண்டுக்கு ஒருமுறை நான்கு விளையாட்டு அதிகாரிகளும் உட்கார்ந்து சீட்டுக் குலுக்குவார்கள். முதல் சீட்டு யாருக்கோ முதல் ஆள் அவருக்கு. பத்து வருடத்தில் முதல்முறையாக அது எங்களுக்கு விழுந்தது. எடுத்தது சென்றாயனை. வயது இருபது. ஊர் அஞ்செட்டிக்கு அப்பால் நாட்றாம்பாளையம். உயரம் ஆறடி நாலங்குலம். அவன் வேலையில் சேர வேண்டிய தேதியும் கேட் பூட்டிய தேதியும் ஒன்றாக அமைந்தது, சபையின் அதிர்ஷ்டம்.

வாட்ச்மேன் அவனுடைய வேலை ஆர்டரைக் கையில் வாங்கவில்லை. அவன் என்னிடம் வந்தான்.

"அண்ணா, இன்னிக்கி ஜாயின் பண்ணலன்னா ஆர்டர் செல்லாதுன்னு போட்டிருக்குதுங்ணா. நான் வந்தேன்னு உங்க நோட்டுல எழுதிக்கிறீங்களா?"

சங்கத்தின் வருகைப் பதிவேட்டைத்தான் கேட்டான். அதுவும் என் பொறுப்பில் இருந்தது. வேலைக்கு வந்தோம், உள்ளே விடவில்லை என்பதற்கு அந்த நோட்டுதான் ஆதாரம். நியாயமான கோரிக்கை. ஆனால் நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் 'பிரிவு' என்று ஒரு கட்டம் உண்டு. விளையாட்டை வைத்து வேலைக்கு வந்தவர்களுக்குப் பிரிவு எது என்பதில் எங்கள் கம்பெனிக்கென்று ஒரு மரபு இருக்கிறது. கூடைக்குக் கீழே நின்று சென்டர் ஆடுபவர் ஸ்டோர்ஸுக்கு. மேல் ரேக்கில் கை எட்டும். முன்னால் ஓடியோடி ஃபார்வர்டு ஆடுபவர் மெஷின் ஷாப்புக்கு. அங்கே காலை ஷிப்ட் மட்டும் போட்டு மாலையில் பயிற்சிக்கு விடுவார்கள். எனவே, அவன் எங்கே ஆடுவான் என்று தெரியாமல் பெயர் எழுத முடியாது. சபையைக் கூட்டினேன்.

"சென்டர்தாம்பா. ஒயரத்தப் பாரு. இவன் வந்தா எனக்கு ஏணியே வேணாம்," என்றார் ஸ்டோர்ஸ் வெங்கடப்பன். உள்ளூர்க்காரர்.

"ஏணி வேணும்னா தச்சர்கிட்ட கேளும்வே. பய ஓட்டத்தப் பாத்தீரா? சுத்தமான ஃபார்வர்டு," என்றார் மெஷின் ஷாப் மாடசாமி. தூத்துக்குடிப் பக்கம்.

"ஓட்டத்த நீ எங்க பாத்த?"

"காலைல பஸ்ஸுக்கு ஓடுனாம்லா."

"பஸ்ஸ புடிச்சானா?"

"இல்ல."

"அப்ப சென்டர்தான்."

விவாதம் சூடு பிடித்ததால் தனியாக ஒரு நோட்டு வாங்கினேன். அதில் சென்றாயன் பெயரை முதல் நாளே பதினாறு இடத்தில் எழுதினேன். பதிவேட்டில் எழுதவில்லை. முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

மத்திகிரியில் அக்கா வீட்டில் தங்கி, அவன் தினமும் நடந்து வந்தான். பந்தல் அவன் உயரத்துக்குப் போதவில்லை. வெளியே வெயிலில் நின்று, தன்னைப் பற்றிய ஆராய்ச்சியை அடக்கத்தோடு கேட்டான்.

இரண்டாம் வாரம் 'நேரடி ஆய்வு' நடத்தினோம். பந்து உள்ளே பூட்டிக் கிடந்தது. வெங்கடப்பன் சந்தையிலிருந்து ஒரு முட்டைக்கோஸ் வாங்கி வந்தார். மூங்கில் கூடையின் அடியை அறுத்துப் புளியமரத்தில் கட்டினோம். சென்றாயன் இருபதடி தள்ளி நின்று, முதல் வீச்சிலேயே போட்டான். பந்தலே எழுந்து நின்றது.

"கோசு துள்ளாதுவே," என்றார் மாடசாமி. "துள்ளாத ஒண்ண வச்சு ஃபார்வர்ட எப்படிக் கண்டுபிடிக்க?"

ஆழமான கேள்வி. நான்கு நாள் எடுத்துக்கொண்டது. கோஸ் அன்றைக்கே பொரியலானது.

"அண்ணா, எதுனா ஒண்ணு போட்டுக்கங்கணா," என்றான் சென்றாயன். "ஸ்டோர்ஸோ மெஷினோ, எங்க நிறுத்துனாலும் நிக்கிறேன்."

"ஆட்டக்காரனே தன் இடத்தைத் தீர்மானித்தால் அணி என்னாவது?" என்று எடுத்துச் சொன்னேன்.

"பென்சில்லயாச்சும் எழுதிக்கங்கணா. அக்கா வூட்ல மாமா மொகமே பாக்கறதில்ல. ஊருக்குத் திரும்பவும் முடியாது, வேலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"பென்சில் எழுத்து ஆதாரமாகாது, தம்பி."

இதை அவன் மறுக்கவில்லை. 'பக்குவம்' என்று குறித்துக்கொண்டேன்.

நான்காம் வாரத்தில் அவனுடைய எதிர்காலத்துக்குள் நுழைந்தோம். இருபத்து நாலு வயதில் மாநில அணி என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இருபத்தொன்பதில் அவனுக்கு முழங்கால் போய்விடும் என்று மாடசாமி கவலைப்பட்டார். அதற்குள் கேப்டனாகிவிடுவான் என்று வெங்கடப்பன் தேற்றினார். இருவருக்கும் கண் கலங்கியது. வெளியே சென்றாயன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றான்.

நாற்பதாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு, சங்கத் தலைவர் நல்லுசாமி தர்மபுரிப் பேச்சுவார்த்தையிலிருந்து வந்தார்.

"முடிஞ்சிதுப்பா. நோட்டுல பேர் இருக்கிறவன் எல்லாம் உள்ள. பேர் இல்லாதவனப் பத்திப் பேசவே மாட்டானுங்களாம். நோட்ட குடு, நாலு மணி பஸ்ஸுக்குப் போவணும்."

"ஒரு தீர்மானம் பாக்கி இருக்கிறது," என்றேன்.

"அந்த நெட்டைப் பையனா? எதையாச்சும் எழுதுய்யா!"

தலைவருக்கு அவசரம். சபைக்குப் பொறுப்பு. அவசரக் கூட்டம் கூட்டினோம். மூன்றே முக்காலுக்கு வாக்கெடுப்பு. சென்டருக்குப் பத்தொன்பது. ஃபார்வர்டுக்குப் பத்தொன்பது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சென்றாயன் பந்தலுக்குள் குனிந்து பார்த்தான்.

செயலாளருக்கு நடுநிலை முக்கியம். நான் கை தூக்கவில்லை.

நாலு மணி பஸ் நாலு மணிக்கே வந்தது. நல்லுசாமி பதிவேட்டைப் பிடுங்கிக்கொண்டு ஏறினார்.

ஒரு நாள் விட்டு மறுநாள் காலையில் கேட் திறந்தது. என் பதிவேட்டுப் பக்கங்களையே பெயர்ப் பட்டியலாகக் கேட்டில் ஒட்டியிருந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் பார்த்துவிட்டு உள்ளே போனோம். சென்றாயன் இடுப்பை வளைத்து, ஒன்றிலிருந்து கடைசி வரை விரல் வைத்துப் படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"இது யாருங்ணா எழுதினது?"

"நான்தான்."

"எழுத்து நல்லா இருக்குதுங்ணா."

பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்தான். தூரத்திலும் தலை தெரிந்துகொண்டே இருந்தது. உயரத்தில் உள்ள வசதி அது.

அன்று சாப்பாட்டு இடைவேளையில் சபை கடைசியாக ஒருமுறை கூடியது. ஆதாரங்கள் அனைத்தையும் மீண்டும் பரிசீலித்தோம். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடக்கூடியவன் சென்றாயன் என்று முடிவானது. வெங்கடப்பன் முன்மொழிந்தார். மாடசாமி வழிமொழிந்தார். எதிர்ப்பு ஒன்றுமில்லை.

இந்த முறை நானும் கை தூக்கினேன்.