நான் பேசினால் அணைந்த அடுப்பு

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் சாமானைக் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாதவனுக்குப் பெண் கொடுக்கக் கூடாது. இதை நான் சொல்லவில்லை. என் மனைவியின் பெரியப்பா சொன்னார். அதுவும் சித்தூரில், எங்கள் வீட்டுக்குள்ளேயே, என் முகத்துக்கு நேராக. அன்றைக்கு அவர் சொன்னதில் தப்பே இல்லை.

வீட்டிலிருந்தபடியே ரேடியோவில் ஊர் ஊராகப் பேசும் ஹாம் ரேடியோப் பைத்தியம் எனக்கு. (முறையாகப் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கிய பைத்தியம்.) வீட்டிலேயே ஒரு ஆம்ப்ளிஃபையர் கட்டியிருந்தேன். ரேடியோ தரும் சின்ன சிக்னலைப் பெரிதாக்கி ஆன்டெனாவுக்கு அனுப்புவது அதன் வேலை. அம்மா வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்த எவர்சில்வர் டப்பாவுக்குள்தான் அது குடியிருந்தது. மோர்ஸ் சங்கேதம் தட்டுவதற்கு அருமையாக வேலை செய்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் திருப்பதியில் இருக்கும் பாப்ஜி அண்ணன் ஞாயிறு காலையில் நண்பர்களை எல்லாம் ரேடியோவில் கூட்டி அரட்டை நடத்துவார். அதில் எல்லோரும் குரலில் பேசினார்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

குரலுக்கு ‘சிங்கிள் சைட்பேண்ட்’ என்று ஒரு முறை. நாம் பேசும்போது மட்டும் சக்தி வெளியே போகும், வாயை மூடினால் ஒன்றும் போகாது. மோர்ஸுக்கு ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் தூங்கிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, தட்டினால் எழுந்துகொள்ளும். பேச்சுக்கு அது அரை விழிப்பிலாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் மெல்லப் பேசுவதை விழுங்கிவிட்டு, கத்துவதை மட்டும் அனுப்பும். அதை விழிக்க வைக்கக் கொஞ்சம் மின்சாரம் கொடுக்க வேண்டும். ஒரு சின்னச் சுற்றும் ஒரு ஒயரும் போதும்.

இதற்கு நான் தேர்ந்தெடுத்த நாள், பாகாலாவிலிருந்து பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்த ஞாயிறு.

அதற்கு முன் வந்த இடங்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. பெண் சுமதியோடு ஒரே ஒரு முறை போனில் பேசியிருந்தேன். ஸ்ரீசிட்டியில் சார்ஜர் செய்யும் கம்பெனியில், வேலை செய்யாத சார்ஜர் ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது அவளுடைய வேலை. நடுவில் ஒரு சிரிப்பு சிரித்தாள். நான் அதில் விழுந்துவிட்டேன், ஒளிப்பானேன். இந்த இடம் அமையாவிட்டால் வேறு இடமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

காலையிலேயே கேஸ் தீர்ந்துபோனது. அம்மா பரணிலிருந்து இன்டக்‌ஷன் அடுப்பை இறக்கினாள். நான் அந்தப் புதுச் சுற்றைப் பற்றவைக்கும் சால்டரிங்கில் மூழ்கியிருந்தேன்.

“டேய், ஷேவ் பண்ணிக்கினு சட்டைய மாத்துடா. வர்ற நேரமாவுது!”

போட்டது போட்டபடி எழுந்து போய், ஷேவ் பண்ணி, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். டப்பாவை மூடித் திருகினேன். அவர்கள் வர இன்னும் நேரமிருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனை மாட்டினேன். பஸ் சீக்கிரம் கிடைத்து அவர்கள் முன்னாலேயே வந்து இறங்கியது எனக்குத் தெரியாது. ஆன்டெனா ஒயர் சமையலறை ஜன்னலை உரசிக்கொண்டு போவது தெரியும். அதனால் என்ன என்று இருந்துவிட்டேன்.

“தம்பி, அங்கங்க ஒரு வார்த்த தான் வருது. கெட்டியா பேசு” என்றார் பாப்ஜி அண்ணன்.

கெட்டியாகப் பேசினேன். போதவில்லை. கத்தினேன். “என் குரல் கேக்குதாண்ணா? இப்ப? இப்ப நல்லா கீதா?”

திருப்பதிக்குக் கேட்டதோ இல்லையோ, கூடத்துக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. அங்கே நடந்ததை நைனா (என் அப்பா) பிறகு சொன்னார்.

“உள்ள யாரு?” என்றாராம் பெரியப்பா.

“எங்க பையன் தாங்க.”

“கூட யாரு?”

“யாரும் இல்லீங்க.”

பெரியப்பா தன் தம்பியைப் பார்த்தார். தம்பி, அதாவது பிற்பாடு என் மாமனார், செருப்பு விட்டிருந்த பக்கம் பார்த்தார்.

சமையலறையில் அம்மாவுக்கு வேறு கஷ்டம். அடுப்பு ‘பீப்’ என்று கத்திவிட்டு அணைந்தது. போட்டால் எரிந்தது, மறுபடி ‘பீப்’. ரவை பாதி வெந்தும் வேகாமலும் கிடந்தது. “சனியனே, நாலு பேரு துன்ன வர்ற நேரத்துலயா?” என்று அதன் தலையில் ஒரு தட்டு தட்டினாள். ‘நான் வாழப்போகிற வீட்டை நான் பார்க்காமல் யார் பார்ப்பது’ என்று கூடவே வந்திருந்த சுமதி, உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்று கவனித்தாள்.

“ஆன்ட்டி, அவரு பேசறப்போ தான் இது அணையுது. அவரு நிறுத்துனா சும்மா கீது. ஜன்னல்ல போற அந்த ஒயரு தான் இத கொழப்புது.”

என் அறைக் கதவு திறந்தது. என் வருங்கால மனைவி என்னிடம் நேரில் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: “கொஞ்ச நேரம் பேசாம இருக்கீங்களா?”

அவள் பின்னால் அம்மா தவிர இரண்டு குடும்பமும் நின்றது. நான் மைக் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன்.

“இப்ப பேசுங்க.”

“எ... என்ன பேசறது?”

‘பீப்’ என்றது சமையலறை.

சும்மா இருந்தேனா? பொத்தானை விடாமலேயே, சிங்கிள் சைட்பேண்ட் என்றால் என்ன என்று பெரியப்பாவுக்கு உரக்க விளக்க ஆரம்பித்தேன். என் ஒவ்வொரு சொல்லுக்கும் அம்மா அடுப்பைப் போட்டாள், அது அணைந்தது. “வாய மூடுடா! உப்மா வேவல!” என்று உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அப்போதுதான் பெரியப்பா மேலே சொன்ன அந்தத் தீர்ப்பைச் சொன்னார். சொல்லிவிட்டு, “பதண்டி, போலாம்” என்று துண்டை உதறித் தோளில் போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சுமதி நகரவில்லை. “அந்த டப்பாவ தொறங்க” என்றாள். திறந்தேன். குனிந்து பார்த்தாள்.

“இந்த ஒயர் எங்க போவுது?”

நானும் பார்த்தேன். அது எங்கேயும் போகவில்லை. அம்மா ஷேவ் பண்ணக் கூப்பிட்டபோது விட்ட இடத்திலேயே அந்தரத்தில் நின்றது. டிரான்சிஸ்டர் இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் கத்திய கத்தலெல்லாம் வீண்.

“வெக்க மறந்துட்டேங்க” என்றேன். போனில் கேட்ட அதே சிரிப்பைச் சிரித்தாள்.

“பெரியப்பா, குந்துங்க. மொதல்ல உப்மா வேவட்டும்.”

நான் வாயைத் திறக்கவில்லை, உப்மா வெந்தது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு அவள் ஒயரைப் பிடிக்க, நான் பற்றவைத்தேன். ஸ்பீக்கரைப் போட்டு மெல்லிய குரலில் பாப்ஜி அண்ணனைக் கூப்பிட்டேன். “இப்ப சுத்தமா வருது தம்பி! யாரு சரி பண்ணாங்க?” என்று வீடு முழுக்கக் கேட்டது. நான் பெயரைச் சொன்னேன். நைனா அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் பெரியப்பா அவளைக் கேட்டாராம், இந்தப் பையனிடம் என்னத்தைக் கண்டாய் என்று. “தப்ப காட்டுனா கோச்சிக்கல பெரியப்பா. அது போதும்” என்றாளாம்.

இப்போது திருப்பதியில் இருக்கிறோம். ஆன்டெனா சமையலறைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது, வீட்டில் ஒரு சிலிண்டர் எப்போதும் கூடுதலாக இருக்கிறது. சுமதியும் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஆனால் பாகாலாவில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், பந்தி வைக்கும் முன் பெரியப்பா உரக்கக் கேட்பார்:

“மாப்ள பேசி முடிச்சிட்டாரா? அப்ப எல போடுங்க!”