மேல்தட்டுக்குப் போன கைக்குட்டை

தன் குடும்பத்தையே கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவரும் ரங்கூனில் அலோன் என்ற பேட்டையில், எங்கள் தெருவில்தான் இருந்தார். கப்பல் துறையில் கிளார்க். நாங்கள் மியூசியத்தார் என்போம். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

அவர் வீட்டு முன்னறையில் கண்ணாடி போட்ட ஒரு தேக்கு அலமாரி. மேல்தட்டில் மாலுமிகள் அவர் தலையில் கட்டிய அதிசயங்கள்: தீக்கோழி முட்டை, திமிங்கிலப் பல், கடற்கன்னியின் விலா எலும்பு. கடைசியது ஆட்டெலும்பு என்பது கறி தின்கிற எல்லாருக்கும் தெரியும். நடுத்தட்டில் வீட்டுப் பெண்களின் தையல் வேலைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு: இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி. தைத்தவளின் பெயருக்குத்தான் சீட்டில் இடம் போதவில்லையாம். கிளி போட்ட தலையணை உறை மியூசியத்தில் இருந்ததால், அதைத் தைத்த அவர் மனைவி வெறும் தலையணையில் படுத்தார்.

அவருடைய தங்கை, கோ மின் என்ற பர்மாக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். மறுநாளே அவள் ரோஜாப்பூ போட்ட கைக்குட்டை மேல்தட்டுக்கு ஏறி, முட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. ஏன் என்று கேட்டேன்.

"வீட்டுச் சாமான் நடுவுல. வெளிநாட்டுச் சாமான் மேல."

அவள் போன வெளிநாடு, அதே ரங்கூனில் இருக்கும் லத்தா பேட்டை. பஸ்ஸில் கால் மணி நேரம்.

ஏழு வருஷம் பேச்சில்லை. போன தை மாதம் நான் அந்த விலா எலும்பைப் பத்தாவது தடவையாக வியந்துகொண்டிருந்தபோது தங்கை வாசலில் வந்து நின்றாள். அலமாரியைப் பார்த்தாள். தன் கைக்குட்டை இருக்கும் இடத்தையும் பார்த்தாள்.

"அண்ணே, பிள்ளைக்குக் காது குத்தணும். தாய்மாமன் மடி வேணும். நான் வெளிநாடுதான்னா சொல்லிருங்க, போயிர்றேன்."

மியூசியத்தார் சாவியைத் தேடினார். இடுப்பிலேயே இருந்தும் அவருக்கு அகப்படவில்லை. மனைவிதான் எடுத்துத் திறந்தார். கைக்குட்டை இறங்கியது. நடுத்தட்டில் வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதில் கண்ணைத் துடைத்தார். பிறகு, சொல்லவே கூசுகிறது, மூக்கையும் சிந்தினார்.

"இனிமே இத உள்ள வைக்க முடியாது" என்றார் மனைவி, நிதானமாக.

"வேணாம். என்னைக்கிக் குத்துறது?" என்றார் மியூசியத்தார்.

காது குத்திய அன்று மடியிலிருந்த குழந்தைக்கு முந்தி அவர்தான் அழுதார். கிண்டல் செய்யத்தான் பக்கத்தில் போனேன். முடியாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.