செக்கர் வீட்டு ஆணியில் தொங்கிய கவர்

சுவரில் இருக்கும் எண்ணெய்க் கறையைப் பார்த்தே, அங்கே சாய்ந்தது மாமனாரா மாப்பிள்ளையா என்று சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் பென்னாகரத்தில் இருக்கிறார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர் என்பதால் ஊருக்கே அவர் ‘செக்கர்’.

ஒகேனக்கல்லுக்கு வருகிறவர்களுக்குத் தன் பழைய வீட்டை ஒரு நாள், இரண்டு நாள் என்று வாடகைக்கு விடுவார். அந்த வீட்டைக் கூட்டித் துடைத்து, போர்வை துவைக்கும் வேலை எனக்கு. நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க மாட்டேன். எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

வாடகை தனி, டெபாசிட் இரண்டாயிரம் தனி. வந்தவர் கையாலேயே நோட்டைக் கவரில் போட்டு ஒட்டச் சொல்லி, ஒட்டிய இடத்தில் கையெழுத்து வாங்கி, கூடத்து ஆணியில் மாட்டிவிடுவார்.

“உங்க பணம் உங்க கண்ணு முன்னாடியே தொங்கட்டுங்க. நான் தொடமாட்டேன். போறப்ப எல்லாம் சரியா இருந்தா அப்படியே கழட்டிக்கிட்டுப் போங்க. எதாச்சும் ஒடஞ்சிருந்தா நீங்களே பிரிச்சு, நீங்களே எடுத்துக் குடுங்க.”

பிறகு வீட்டின் குறைகளை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். “பீரோ கதவு முனகும். ரெண்டாவது ஃபேன் அஞ்சுல வெச்சாலும் மூணுலதான் சுத்தும். இதெல்லாம் எங்க தலையில. மத்ததெல்லாம் உங்க தலையில.”

அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு வருகிறவர்கள் குளித்த பிறகும் மினுமினுப்பார்கள். ஒருமுறை சுவரில் பெரிய கறை. மாமனார், மாப்பிள்ளை என்று குடும்பமாகத் தங்கியிருந்த எட்டுப் பேரில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. செக்கர் கறையைச் சாண் போட்டு அளந்தார். மோந்து பார்த்தார்.

“குட்டையான ஆளு. எடது தோளு. பக்கத்துல சார்ஜர் இருக்குது. ஃபோன் பேசிக்கிட்டே சாஞ்சிருக்காருங்க.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அடுத்த அறையில் மாமனார் சார்ஜரில் செருகிய ஃபோனில் பேசியபடி, இடது தோளால் இன்னொரு சுவரை எண்ணெயாக்கிக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்குச் சொந்த மகள் வந்து தங்கியபோதும் ஆணியில் கவர் தொங்கியது. “ஏம்ப்பா, என்கிட்டயுமா?” என்றாள்.

“உன்கிட்ட இல்லம்மா, உன் பையன்கிட்ட. அவன் கைதான் சும்மா இருக்காது.”

ஒரு சனிக்கிழமை காலை, துடைத்துக்கொண்டிருந்தபோது பித்தளைச் சொம்பு என் கையிலிருந்து நழுவி வாஷ்பேசினில் விழுந்தது. விரல் நீளத்துக்கு விரிசல். பயத்தில் சோப்பு டப்பாவை அதன்மேல் வைத்து மறைத்துவிட்டேன். மதியம் திருவண்ணாமலைப் பக்கமிருந்து ஒரு கார் டிரைவர் வயதான அம்மாவோடு வந்து, கவரை மாட்டிவிட்டு அருவிக்குப் போனார்.

மறுநாள் அவர்கள் கிளம்பும்போது செக்கர் உள்ளே ஒரு சுற்று வந்தார். “சோப்பு டப்பா எடம் மாறியிருக்குதே?” தூக்கிப் பார்த்தார். “இது என்னங்க?”

“சத்தியமா நாங்க இல்லீங்க.” டிரைவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். “ஊருக்குத் திரும்ப டீசல் போட அந்தப் பணந்தான் இருக்குது.” சொல்லிவிட்டு, ஆணியிலிருந்து கவரை எடுத்தார்.

கவரின் ஓரம் கிழிகிற சத்தம் கேட்டது.

“அண்ணா, அது நானுங்க!”

அந்த வீட்டில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. செக்கர் என்னைப் பார்க்கவில்லை. கவரை வாங்கி டிரைவரின் சட்டைப் பையில் வைத்தார். “தப்பா நெனச்சுட்டனுங்க” என்று அந்த வயதான அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

கார் போனதும், “சம்பளத்துல புடிச்சுக்குங்கண்ணா” என்றேன்.

“சம்பளம் வேல செஞ்சதுக்கு. ஒடச்சதுக்கு டெபாசிட்டுலதான் புடிக்கோணும். உன்கிட்டத்தான் நான் டெபாசிட்டே வாங்கலியே, எதுல புடிக்கிறது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேரனிடம்கூட டெபாசிட் வாங்கியவர், நான்கு வருடமாக மொத்தச் சாவியையும் என்னிடம் விட்டிருக்கிறார்.

பேசினை அவர் இன்னும் மாற்றவில்லை. புதிதாக வருகிறவர்களிடம் ஒப்பிக்கும் குறைகளில் ஒன்று கூடியிருக்கிறது. “பேசின்ல ஒரு விரிசல் இருக்கும். எங்க வூட்டுப் பொண்ணு பண்ணுனது. அது எங்க தலையில.”

எனக்கு வயது நாற்பத்தொன்பது. ஒவ்வொரு தடவையும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, அதைக் கேட்ட பிறகுதான் துடைப்பத்தைக் கையில் எடுக்கிறேன்.