உச்சியில் நின்ற சாவிக்கொத்து

ஒரு விண்ணப்பத்தில் என்ன குறைகிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். ஈப்போவில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எனக்கு அதுதான் வேலை. நகலில் முத்திரை இல்லை, மறுபடி வாருங்கள். தேதி இல்லை, மறுபடி வாருங்கள். எத்தனையோ பேரை வெயிலில், ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள தாப்பாவுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு திருப்பி அனுப்ப ஆள் இல்லை. (மனைவியிடம் ஒருமுறை முயன்றேன். அன்று சோறு தாமதமாக வந்தது.) அந்தச் சமயத்தில்தான் என் கடைசி மகள் ஷாலினி மாட்டிக்கொண்டாள்.

பள்ளியில் படிவம் நான்குக்கு, அதாவது பத்தாம் வகுப்புக்கு, போனபோது அவளைக் கணக்கியல் வகுப்பில் போட்டிருந்தார்கள்.

"எனக்கு பிசிக்ஸ் வேணும்ப்பா. பரீட்சைக்கு மட்டும் இல்ல, சீரியஸா படிக்கணும்."

அறிவியல் வகுப்பில் மிச்சமிருந்தது ஒரே ஓர் இடம். இரண்டு வாரத்துக்குள் மனுப் போட வேண்டும், இயற்பியல் ஆசிரியை நேர்முகம் வைப்பார். தவறினால் அவளுக்கு அந்தப் பாடமே இல்லை.

சீரியஸாகப் படிப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அது ஒரு கோப்பில் தொடங்குகிறது. மூன்று நிறங்களில் கால அட்டவணை போட்டேன். பாடநூலில் இருந்த வரையறைகளை எல்லாம் என் கையாலேயே பிரதி எடுத்து, அகர வரிசையில் அடுக்கி, பக்க எண் இட்டேன். மனப்பாடம் செய்வது மட்டும்தான் அவள் வேலை.

அவளுக்கு வேறு வழி இருந்தது. ஒரு கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் முதலில் படம் வரைவாள், அம்புக்குறிகள் போடுவாள், கணக்கைத் தப்பாகச் செய்வாள், அடிப்பாள். மறுநாள் பழைய பக்கத்தைப் பார்க்காமல் அதே கணக்கை மறுபடி போடுவாள். நாங்கள் இருப்பது சிம்பாங் பூலாய்ப் பக்கம், ரப்பர் தோட்டத்தை வெட்டி வீடு கட்டிய தாமான் குடியிருப்பு. வீட்டுக்குப் பின்னால் தப்பிப் பிழைத்த நாலு ரப்பர் மரங்களின் கொட்டைகளைப் பொறுக்கி வந்து, மாடியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னாம்மா வெளாட்டு இது?"

"வெளாட்டு இல்லப்பா. விழற நேரத்த போன்ல அளக்குறேன். இருபது தடவ போட்டாச்சு."

"அதான் புத்தகத்துல போட்டிருக்கே."

"நான் அளந்தாலும் அதே மாதிரி வருதான்னு பாக்கணும்லா."

அரசாங்கம் அச்சிட்ட புத்தகத்தைச் சரிபார்க்கிறாள். என் வீட்டில்.

அந்த நோட்டை நான் மனுவோடு இணைக்கவில்லை. (அடித்தல் திருத்தல் உள்ள ஆவணம் ஏற்கப்படாது. அந்த விதியைப் பலகையில் எழுதி மாட்டியவனே நான்தான்.)

நேர்முகம் ஒரு வியாழக்கிழமை. அரசு ஊழியர்கள் பாத்தேக் அணியும் நாள் என்பதால், ஓய்வு பெற்றவனாக இருந்தும் நானும் பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டேன். பெற்றோர் உள்ளே வர வேண்டும் என்று அழைப்புக் கடிதத்தில் இல்லை. வரக்கூடாது என்றும் இல்லை. வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆசிரியை மாலதி என் கோப்பைப் புரட்டினார்.

"கையெழுத்து அழகா இருக்கே, யாரோடது?"

"என்னோடதுதான் டீச்சர்."

கோப்பை மூடி ஓரமாக வைத்தார். மேசையில் கிடந்த தன் சாவிக்கொத்தை எடுத்து மேலே எறிந்து பிடித்தார். ஷாலினியைப் பார்த்துக் கேட்டார்.

"மேல போயி உச்சில ஒரு கணம் நிக்குதுல்ல. அப்ப அதோட ஆக்செலரேஷன் என்னா?"

"சைபர்" என்றேன் நான்.

"சார், நான் பிள்ளையக் கேட்டேன்."

"நிக்கிற பொருளுக்கு எப்படி டீச்சர் முடுக்கம் இருக்கும்? சைபர்தான். எழுதிக்குங்க."

ஷாலினியின் காது சிவந்தது. ஆமாம் என்றால் இடம் போய்விடும். இல்லை என்றால், வெளியாள் முன்னால் அப்பாவை மறுத்த பிள்ளை ஆகிவிடுவாள். இது எனக்கு இப்போது புரிகிறது. அன்று, அவள் பயத்தில் விடையை மறந்துவிட்டாள் என்று நினைத்து, மேசைக்கு அடியில் விரலால் வட்டம் போட்டு வேறு காட்டினேன்.

அவள் என் விரலைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

"சைபர் இல்ல டீச்சர். அங்க வேகம்தான் சைபர். பூமி இழுக்கறத நிறுத்தல. ஆக்செலரேஷன் எப்பவும் போல கீழ நோக்கி ஒம்பது புள்ளி எட்டுதான். அதுவும் சைபர்னா, சாவி அங்கயே நின்னுருக்கும்லா."

நான் என்னை அறியாமல் அண்ணாந்து பார்த்தேன். மேலே விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சாவி டீச்சர் கையில் இருந்தது.

"எப்படிப் படிக்கிறே?" என்று டீச்சர் கேட்டார். ஷாலினி பையிலிருந்து அந்த நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அவள் அடித்துத் திருத்தியிருந்த பக்கங்களைத்தான் டீச்சர் வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இத ஏன் சார் ஃபைல்ல வைக்கல? இதுதானே முக்கியம்?"

முப்பது ஆண்டுகளில் முதல் முறையாக, ஆவணம் குறைகிறது என்று என்னிடம் ஒருவர் சொன்னார்.

இடம் கிடைத்தது. அனுமதிக் கடிதத்தில், குறிப்பு என்ற கட்டத்தில், 'தந்தையின் தவறான விடையைக் காரணத்துடன் திருத்தினார்' என்று தட்டச்சு செய்து முத்திரை குத்தியிருந்தார்கள். அப்படி ஒரு குறிப்பைக் கோப்பிலிருந்து நீக்க வழி உண்டா என்று என்னைக் கேட்டால், இல்லை. எல்லா விதியும் எனக்குத் தெரியும், தேடிப் பார்த்துவிட்டேன்.

ஷாலினி இப்போது பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கிறாள். எனக்கு வயதாகிவிட்டது, கார் சாவியை வைத்த இடம் வாரம் இரண்டு முறை மறந்துபோகிறது. நான் அலமாரியைக் குடையும் சத்தம் கேட்டாலே போதும், சமையலறையிலிருந்து என் மனைவி திரும்பாமலே சொல்வாள்.

"மேல பாருங்க. இன்னும் எறங்கிருக்காது."

நானும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் சட்டைப் பையைத் தடவுகிறேன்.